52 × 58: பல நாடுகளில் பிறந்த ஒரே எஞ்சின்

புதிய மோட்டார் சைக்கிள் வாங்கும்போது அதனுடன் ஒரு சிறு கையேடும் தருவார்கள். அதன் கடைசிப் பக்கங்களில் வண்டியின் தொழில்நுட்ப விவரங்கள் அட்டவணையாக அச்சிடப்பட்டிருக்கும். நம்மில் பெரும்பாலோர் அதில் இரண்டு எண்களைத்தான் தேடுவோம். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? மணிக்கு எவ்வளவு வேகம் போகும்? மற்ற எண்களை மெக்கானிக்கின் பொறுப்பில் விட்டுவிடுவோம்.

அந்த அட்டவணையில் நாம் கவனிக்காமல் தாண்டிச் செல்லும் ஒரு வரி உண்டு. அது சிலிண்டரின் அளவைச் சொல்லும் வரி. அதில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, பிஸ்டன் ஏறி இறங்கும் துளையின் விட்டம். இரண்டாவது, பிஸ்டன் மேலிருந்து கீழாகச் செல்லும் தூரம். இதை 'வீச்சு' என்பர். இந்த இரண்டு எண்கள் ஒரு எஞ்சினின் கைரேகை போன்றவை.

52 மில்லிமீட்டர் விட்டம், 58 மில்லிமீட்டர் வீச்சு. இப்படி ஒரு கைரேகை ஜெர்மனி, ருஷ்யா, இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய ஐந்து நாடுகளின் மோட்டார் சைக்கிள்களிலும் காணப்பட்டது என்றால் வியப்பாக இல்லையா? இவற்றில் சில நாடுகள் ஒன்றோடொன்று போரிட்டவை. சில, போருக்குப் பின் ஒன்றையொன்று பகையாகப் பார்த்தவை. ஆயினும் எஞ்சின் ஒன்றே. அது எப்படி நேர்ந்தது என்பதே இக்கட்டுரை.

நீங்கள் பள்ளியில் படித்த வடிவியலைக் கொண்டே இதன் கொள்ளளவைக் கணக்கிடலாம். விட்டம் 5.2 சென்டிமீட்டர் என்றால் ஆரம் 2.6. ஆரத்தின் வர்க்கத்தை 3.14ஆல் பெருக்கி, 5.8 சென்டிமீட்டர் வீச்சால் மீண்டும் பெருக்குங்கள். விடை ஏறக்குறைய 123 கன சென்டிமீட்டர். அதாவது, ஒரு சிறிய தேநீர்க் கோப்பையின் அளவு. இதைத்தான் '125 சி.சி.' என்று முழு எண்ணாக்கிச் சொன்னார்கள்.

சோப்பாவ் நகரத்துத் தொழிற்சாலை

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் சோப்பாவ் என்ற சிறு நகரம் இருக்கிறது. டென்மார்க்கிலிருந்து வந்த ராஸ்முசென் என்ற பொறியாளர் அங்கே ஒரு தொழிற்சாலை நடத்திவந்தார். முதல் உலகப் போரின்போது அவர் நீராவியால் ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய முயன்றார். 'நீராவி வண்டி' என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களின் முதல் எழுத்துகளே டி.கே.டபிள்யூ. என்ற பெயராயின. நீராவி வண்டி வெற்றி பெறவில்லை; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பிறகு அவர் பெட்ரோல் எஞ்சின்களில் இறங்கினார். முதலில் சிறுவர்களுக்கான பொம்மை எஞ்சின். அடுத்து மிதிவண்டியில் பூட்டும் எஞ்சின். அதன் பின் முழு மோட்டார் சைக்கிள். 'சின்ன அதிசயம்' என்று அதே மூன்று எழுத்துகளுக்கு மக்கள் புதுப் பொருள் சொன்னார்கள். 1920களின் இறுதியில் டி.கே.டபிள்யூ. உலகிலேயே அதிக மோட்டார் சைக்கிள் செய்யும் நிறுவனமாக வளர்ந்திருந்தது. 1932இல் ஆடி, ஹார்ஷ், வாண்டரர் ஆகிய நிறுவனங்களோடு இணைந்து 'ஆட்டோ யூனியன்' ஆயிற்று. ஆடி கார்களின் முகப்பில் நீங்கள் காணும் நான்கு வளையங்கள் இந்த நான்கு நிறுவனங்களைக் குறிப்பவையே.

டி.கே.டபிள்யூ. நம்பியது இரு வீச்சு எஞ்சினை. பட்டறைகளில் இதை 'டூ ஸ்ட்ரோக்' என்பார்கள். நான்கு வீச்சு எஞ்சினில் வால்வுகள், அவற்றைத் திறந்து மூடும் தண்டு, சுருள்வில் என்று பல உறுப்புகள் உண்டு. இரு வீச்சு எஞ்சினில் இவை எதுவும் வேண்டாம். சிலிண்டரின் சுவரிலேயே சில வாயில்கள் இருக்கும். மேலும் கீழும் போகும் பிஸ்டனே கதவாகி அவற்றைத் திறக்கும், மூடும். உறுப்பு குறைவு என்றால் விலையும் குறைவு, எடையும் குறைவு, பழுதும் குறைவு. ஆனால் அதற்கென்று ஒரு தீராத நோயும் இருந்தது.

பேருந்தும் சிலிண்டரும்

அலுவலக நேரத்தில் நகரப் பேருந்தைப் பார்த்திருப்பீர்கள். நிறுத்தத்தில் இறங்குவோரும் ஏறுவோரும் ஒரே நேரத்தில் முண்டுவார்கள். இறங்க வேண்டியவர் சிலர் உள்ளேயே மாட்டிக்கொள்வார்கள். ஏறியவர் சிலர் நெரிசலில் மறுபடி வெளியே தள்ளப்படுவார்கள். இரு வீச்சு எஞ்சினின் சிலிண்டரிலும் இதுதான் நடக்கிறது.

பிஸ்டன் கீழே வரும்போது முதலில் புகை வெளியேறும் வாயில் திறக்கிறது. சற்றுப் பின் புதிய பெட்ரோல் காற்றுக் கலவை உள்ளே நுழையும் வாயிலும் திறக்கிறது. பழைய புகை வெளியேற வேண்டும். புதிய கலவை உள்ளே தங்க வேண்டும். இதற்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு தெரியுமா? நிமிடத்துக்கு 5,000 சுற்று சுழலும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் 12 பங்கு. அதிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரமே கலவை வாயில் திறந்திருக்கும். நான்கு மில்லி விநாடிக்குள் ஒரு கூட்டம் இறங்கி, மறு கூட்டம் ஏறியாக வேண்டும்!

பழைய எஞ்சின்களில் இதற்கு ஒரு சாதாரண வழி செய்திருந்தார்கள். பிஸ்டனின் தலையில் அணைபோல ஒரு மேடு வைத்தார்கள். உள்ளே வரும் கலவை அதில் மோதி மேலே திரும்பும். நேராகப் புகை வாயிலுக்குப் போய்விடாது. ஆனால் அந்த மேடு பிஸ்டனின் எடையைக் கூட்டியது. எரியும் வாயுவுக்கு நடுவே நின்று அளவு மீறிச் சூடாயிற்று. ஒரு பக்கம் மட்டும் கனமும் சூடும் கூடியதால் பிஸ்டன் சீராக விரியவில்லை.

கொலோன் நகரத்து டாய்ட்ஸ் எஞ்சின் நிறுவனத்தில் பணியாற்றிய அடால்ஃப் ஷ்னூர்லெ 1920களில் வேறு விதமாக யோசித்தார். புகை வாயிலின் இரு புறமும் ஒவ்வொன்றாக இரண்டு கலவை வாயில்களை அமைத்தார். அவற்றைப் புகை வாயிலுக்கு எதிர்ச் சுவரை நோக்கிச் சாய்த்தார். இரு பக்கமும் பாய்ந்து வரும் கலவை எதிர்ச் சுவரில் ஒன்று சேரும். சுவரை ஒட்டி மேலே ஏறும். சிலிண்டரின் தலையைத் தொட்டுத் திரும்பி, பழைய புகையைத் தனக்கு முன்னே தள்ளிக்கொண்டு இறங்கும். கலவை ஒரு வளையம்போலச் சுற்றிவருவதால் பிஸ்டனில் மேடே தேவையில்லை. தட்டையான, இலேசான பிஸ்டன் போதும். பேருந்து உவமையில் சொன்னால், ஏறுவோரை எல்லாம் பின்பக்கமாக அனுப்பி, அவர்களைக் கொண்டே மற்றவர்களை முன்வாயில் வழியே இறக்கிவிட்டார்!

இந்த முறையைப் பெட்ரோல் எஞ்சினில் பயன்படுத்தும் உரிமையை டி.கே.டபிள்யூ. வாங்கியது. மற்ற நிறுவனங்கள் வெளியே நின்று பார்க்க வேண்டியதாயிற்று.

ஆர்.டி. 125

டி.கே.டபிள்யூ.வின் தலைமை வடிவமைப்பாளர் ஹெர்மன் வேபர். ஷ்னூர்லெயின் வழியை வைத்து அவர் உருவாக்கிய சிறு வண்டியே ஆர்.டி. 125. இது 1939இல் மக்கள் பார்வைக்கு வந்தது.

அதன் விவர அட்டவணையைப் பார்ப்போம். ஒரே சிலிண்டர், 52 × 58 மில்லிமீட்டர். திறன் 4.75 குதிரைத்திறன். காலால் மாற்றும் மூன்று கியர்கள். எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே உலோகக் கூட்டுக்குள் அடங்கியவை. பின் சக்கரத்துக்குச் சங்கிலி. பின்புறம் அதிர்வு தாங்கும் அமைப்பு எதுவும் இல்லை. இருக்கையின் சுருள்வில்தான் ஓட்டுபவருக்குக் காப்பு. மசகெண்ணெய்க்குத் தனித் தொட்டியோ பம்போ கிடையாது. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும்.

இந்தப் பட்டியலில் வியக்கத்தக்க எண் ஒன்றுமில்லை. சிறப்பே அதில்தான் இருக்கிறது. அரிய உலோகம் வேண்டாம், மிக நுட்பமான இயந்திரம் வேண்டாம். ஓரளவு வசதியுள்ள எந்தத் தொழிற்சாலையிலும் வார்த்து, கடைந்து, பூட்டிவிடலாம். சிந்தனை முழுவதும் சிலிண்டர் சுவரில் உள்ள வாயில்களின் இடத்திலும் சாய்விலும் அடங்கியிருந்தது. அதைக் கண்டுபிடிப்பது கடினம். கண்டுபிடித்தபின் செய்வது எளிது.

போருக்கு முன்பே டி.கே.டபிள்யூ.வுக்கு ஒரு நகல் தோன்றிவிட்டது. ஹாலந்தில் இதன் விற்பனையாளராக இருந்த ஸ்டோக்விஸ் நிறுவனத்தின் நிர்வாகத்தில் யூதர்கள் இருந்தார்கள். அந்தக் காரணத்துக்காக நாஜி ஆட்சிக் காலத்தில் அதன் விற்பனை உரிமை பறிக்கப்பட்டது. நிறுவனத்தார் இங்கிலாந்துக்குப் போய் ராயல் என்ஃபீல்டை அணுகி, டி.கே.டபிள்யூ.வின் 98 சி.சி. வண்டியைப் போல ஒன்றைச் செய்து தரும்படி கேட்டார்கள். கொள்ளளவைச் சற்றுக் கூட்டி என்ஃபீல்டு செய்த அந்தச் சிறு வண்டி, போரில் 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' என்ற பெயரில் கூண்டுக்குள் வைத்துப் பாராசூட் மூலம் இறக்கப்பட்டது. வெறுப்பால் பறித்த உரிமை எதிரிக்கே ஆயுதமாகத் திரும்பி வந்தது!

வரைபடங்கள் போன வழி

1945இல் ஜெர்மனி தோற்றது. சோப்பாவ், சோவியத் படையின் பகுதியில் சிக்கியது. போர் இழப்பீடாகத் தொழிற்சாலையின் இயந்திரங்கள் கழற்றப்பட்டு ரயிலேறின. 1946இல் மாஸ்கோவில் 'மாஸ்க்வா' என்ற 125 சி.சி. வண்டி வெளிவந்தது. கோவ்ரோவ் நகரிலும் அதே வடிவம் தயாரானது. வேபரும் சோவியத் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் ஊர் திரும்பவில்லை. 1948இல் அங்கேயே இறந்தார். தாம் வரைந்த எஞ்சின் உலகெங்கும் ஓடப்போவதை அவர் பார்க்கவில்லை.

ஜெர்மானியக் காப்புரிமைகளும் வெற்றி பெற்ற நாடுகளின் கைக்குப் போயின. இங்கிலாந்தில் துப்பாக்கித் தொழிலில் தொடங்கிய பி.எஸ்.ஏ. நிறுவனம் 1948இல் 'பாண்டம்' என்ற வண்டியை வெளியிட்டது. அளவு 52 × 58. ஆனால் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறியிருந்தது! ஆங்கிலேயருக்குக் கியரை வலது காலால் மாற்றித்தான் பழக்கம். எனவே ஜெர்மன் வரைபடத்தை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டார்கள். தந்தி கொண்டுசெல்லும் இளைஞர்கள் ஓட்டிய சிவப்புப் பாண்டம், ஆங்கிலத் தெருக்களில் பழகிய காட்சியாயிற்று. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சனும் 1948ஆம் ஆண்டு மாதிரியாக இதே எஞ்சினைச் செய்தது. பெரிய எஞ்சினுக்குப் பெயர்போன ஹார்லியும் இந்தக் குட்டி வண்டியும் ஒரே கடையில் நின்றன.

ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தபின், மேற்கே இங்கோல்ஸ்டாட் நகரில் மறுபடி தொடங்கப்பட்ட ஆட்டோ யூனியன் 1949இல் ஆர்.டி. 125ஐச் செய்தது. கிழக்கே சோப்பாவில், காலியான தொழிற்சாலையை மறுபடி நிரப்பி, அதே வண்டியைச் செய்யத் தொடங்கினார்கள். இந்த நிறுவனமே பின்னர் எம்.இசட். எனப் பெயர் பெற்றது. ஒரே எஞ்சின், எல்லைக் கோட்டின் இரு பக்கமும்.

கடைசியாக ஜப்பான். ஆர்மோனியமும் பியானோவும் செய்த நிப்பான் காக்கி என்ற இசைக் கருவி நிறுவனம், போர்க் காலத்தில் விமானங்களுக்குச் சுழல்விசிறிகள் செய்துவந்தது. போர் முடிந்ததும் அந்த இயந்திரங்கள் சும்மா கிடந்தன. தலைவர் கெனிச்சி கவகாமி, அவற்றைக் கொண்டு மோட்டார் சைக்கிள் செய்யத் தீர்மானித்தார். மாதிரியாக எடுத்துக்கொண்டது ஆர்.டி. 125. 1955 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த அந்த வண்டிதான் ஒய்.ஏ. 1, யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிள். அதன் சிவப்பு நிறத்தையும் மெலிந்த உருவத்தையும் கண்டு ஜப்பானியர் 'சிவப்புத் தும்பி' என்றார்கள்.

நகலுக்குப் பின் என்ன?

பிறர் வடிவத்தை எடுத்துச் செய்வது சரியா என்று நீங்கள் கேட்கலாம். அன்றைய சூழ்நிலையில் தோற்ற நாட்டின் உடைமை போர் இழப்பீடாயிற்று. நியாயம் பேச வேபருக்கு இடமே இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மாணவர்களாகிய நீங்கள் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. எல்லோருக்கும் ஒரே பாடப் புத்தகம் கிடைத்தது. தேர்வில் அவர்கள் எழுதிய விடைகள் வேறு வேறு.

பி.எஸ்.ஏ., சிலிண்டரைப் பெரிதாக்கி 150, 175 சி.சி. பாண்டம்களைச் செய்தது. கியரைக் கூட்டியது, பின்புறச் சுருள்வில் பொருத்தியது. ஆனால் அடிப்படை மாறவில்லை. ஜப்பானிய வண்டிகள் வந்து இறங்கிய காலத்தில், 1971இல், பாண்டம் நின்றது. மாஸ்கோவின் வரைபடங்கள் 1951இல் பெலாரசின் மின்ஸ்க் நகருக்குப் போயின. அங்கே பிறந்த 'மின்ஸ்க்' வண்டிகள் பல பத்தாண்டுகள் 52 × 58 என்ற அதே அளவைக் காத்துவந்தன. வியட்நாமின் மலைப் பாதைகளில் சுமையேற்றிச் சென்று பெயர் வாங்கியவை அவை. மாறாமல் இருப்பதிலும் ஒரு பயன் உண்டு: எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் பழுது பார்ப்பார்.

யமஹாவோ முதல் வண்டியிலேயே நகலைத் தாண்டத் தொடங்கிவிட்டது. மூன்று கியர் நான்காயிற்று. கியர் விழுந்த நிலையிலும் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு உதைத்துக் கிளப்ப வழி செய்தார்கள். திறன் 5.6 குதிரைத்திறன். விற்பனை தொடங்கிய அதே ஆண்டு ஜூலையில் ஃபூஜி மலையேற்றப் பந்தயத்தில் 125 சி.சி. பிரிவில் வென்றது. அந்த ஜூலையில்தான் யமஹா மோட்டார் தனி நிறுவனமாயிற்று.

வியப்பின் உச்சம் சோப்பாவிலேயே நடந்தது. 1953 முதல் எம்.இசட். பந்தயப் பிரிவை நடத்திய வால்டர் காடன் என்ற பொறியாளர், புகைக்குழாயைக் கவனித்தார். வெடித்து வெளியேறும் புகை, குழாய்க்குள் ஓர் அழுத்த அலையாக ஓடுகிறது. கிணற்றில் கூப்பிட்டால் எதிரொலி வருவதுபோல, குழாய் அகன்று பின் குறுகும் இடத்திலிருந்து அந்த அலை திரும்பி வருகிறது. அது சரியான கணத்தில் வந்து சேர்ந்தால், புகை வாயில் வழியே நழுவப் பார்க்கும் புதிய கலவையைத் திரும்பவும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். ஏறியும் வெளியே தள்ளப்பட்ட பயணியை மறுபடி உள்ளே அமுக்கும் கை அது! குழாயின் நீளத்தையும் உருவத்தையும் அளந்து அளந்து அவர் திருத்தினார். 1939இல் 4.75 குதிரைத்திறன் தந்த அதே 125 சி.சி. வகுப்பில், 1961இல் 25 குதிரைத்திறன் கிடைத்தது. ஐந்து மடங்குக்கும் மேல்!

அந்த ஆண்டு செப்டம்பரில் எம்.இசட். பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடன் பந்தயத்தின்போது கிழக்கு ஜெர்மனியை விட்டுத் தப்பினார். அவரோடு காடனின் நுட்பமும் ஜப்பானின் சுசூகி நிறுவனத்துக்குப் போயிற்று. 1962இல் டெக்னர் சுசூகியில் 50 சி.சி. உலகப் பட்டம் வென்றார். அறிவுக்கு எல்லை வேலி போட முடியவில்லை.

நம் தெருக்களில்

இந்தக் கதையின் கிளைகள் நம் நாட்டையும் தொட்டன. போலந்தின் எஸ்.ஹெச்.எல். நிறுவனம் போருக்குப் பின் ஆர்.டி. 125 வடிவத்தைப் பின்பற்றித் தொழில் கற்றது. பின்னர் அது சொந்தமாக உருவாக்கிய 175 சி.சி. வண்டியைத்தான் 1960களில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஃபரீதாபாத்தில் 'ராஜ்தூத்' என்ற பெயரில் செய்தது. பால்காரரும் அஞ்சல்காரரும் கிராமத்து ஆசிரியரும் ஓட்டிய அந்த ராஜ்தூத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

1985இல் அதே எஸ்கார்ட்ஸ், யமஹாவுடன் சேர்ந்து ஆர்.எக்ஸ். 100ஐக் கொண்டுவந்தது. 98 சி.சி., 11 குதிரைத்திறன். வேபரின் வண்டியைவிடச் சிறிய சிலிண்டரில் இரண்டு மடங்குக்கு மேல் திறன்! சோப்பாவிலிருந்து போலந்து வழியாக ஒரு கிளையும், ஜப்பான் வழியாக ஒரு கிளையும் புறப்பட்டு ஒரே இந்திய நிறுவனத்தில் வந்து சேர்ந்தன எனலாம்.

இரு வீச்சு எஞ்சினின் பழைய நோய் மட்டும் முழுதாகத் தீரவில்லை. கலவையில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறியது. பெட்ரோலோடு கலந்த எண்ணெய் நீலப் புகையாயிற்று. காற்று மாசு விதிகள் கடுமையானதும், 2000ஆம் ஆண்டுக்குப் பின் இவ்வகை மோட்டார் சைக்கிள்கள் நம் சாலைகளிலிருந்து மெல்ல மறைந்தன. ஆர்.எக்ஸ். 100ஐப் பொக்கிஷமாகக் காக்கும் இளைஞர்கள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள்.

அப்படி ஒரு வண்டியைப் பட்டறையில் பிரித்துவைத்திருந்தால், கொஞ்சம் அனுமதி கேட்டு அந்தச் சிலிண்டரைக் கையில் வாங்கிப் பாருங்கள். உட்சுவரில் புகை வாயில் தெரியும். அதன் இரு புறமும் சாய்ந்து நிற்கும் வாயில்கள் தெரியும். விரலால் அந்தச் சாய்வைத் தொட்டுப் பாருங்கள். அது ஷ்னூர்லெ யோசித்தது, வேபர் வண்டியாக்கியது, காடன் அளந்து திருத்தியது. ஊர் திரும்பாத ஒரு பொறியாளரின் உழைப்பு, அவர் பெயரே தெரியாத ஒருவர் கையில் சூடாக இருந்தது. அடுத்த முறை கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டும்போது, அந்த இரண்டு எண்களையும் தாண்டிப் போய்விடாதீர்கள்.